கதையில் வரும் பெரியவர் சாதி பார்த்தால், எழுதியவளும் பார்க்கிறாள் என்று அர்த்தமா?

நொய்யல்கரை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரவில் கதை எழுதுவது வழக்கம். சமீபத்தில் ஓர் இணைய இதழில் என் சிறுகதை ஒன்று வந்தது. அதற்கு வந்த பின்னூட்டங்களைப் பற்றித்தான் இங்கே கேட்கிறேன்.

கதை முழுவதையும் ஒரு பெரியவர் 'நான்' என்று சொல்கிறார். தோட்டத்து வீட்டில் போர்வெல் மோட்டார் ஓடவில்லை. சரிசெய்ய ஒரு பையன் வருகிறான். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்கிறார். ஊரைச் சொன்னதும் "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி. பதில் வந்ததும் அவருக்கு வேண்டியது தெரிந்துவிடுகிறது. வேலைக்கு நடுவில் பையன் தண்ணீர் கேட்கிறான். சொம்பை எடுக்கப்போன மருமகளை நிறுத்தி, காரில் கிடக்கும் கடை பாட்டிலை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார். 'எங்கப்பா காலத்துல கையைக் குவிச்சுத்தான் குடிக்கணும், நான் சீல் உடைக்காத பாட்டிலே கொடுக்கிறேன்' என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கூலியைக் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைக்கிறார். மோட்டார் ஓடுகிறது, பையன் போய்விடுகிறான், அவ்வளவுதான்.

கதையில் யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. கண்டிப்பதுபோல எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் எழுதினேன்.

"எழுதியவரின் மனசில் ஊறிக்கிடக்கும் சாதித் திமிர்" என்று ஒருவர் போட்டிருக்கிறார். "இவ்வளவு நுணுக்கமாக எழுத உள்ளே இருந்தால்தான் முடியும்" என்று இன்னொருவர். முதலாவதை விட்டுவிட முடிந்தது. இரண்டாவது என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்படியொரு வீட்டில்தான் வளர்ந்தேன்.

பாத்திரத்தின் வெறுப்பை எழுத்தாளரின் வெறுப்பு என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது? அடுத்த கதைக்கு 'பாத்திரங்களின் கருத்து என் கருத்தல்ல' என்று மேலே ஒரு குறிப்பு போடுவதா? நிறையப் படித்தவர்கள் இருக்கும் இடம் என்பதால் கேட்கிறேன்.


கூதிர்காலம்:

பாத்திரம் வேறு, எழுத்தாளர் வேறு. கொலைகாரனைப் பற்றி எழுதியவரைப் போலீஸ் பிடிப்பதில்லையே. இந்த மாதிரிப் பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எழுத நேரம் இருக்காது. அடுத்த கதையை எழுதுங்கள்.


பாளையங்கோட்டை டீச்சர்:

கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். மேலே எழுதிய தம்பி உங்களுக்குத் தைரியம் சொல்லத்தான் எழுதியிருக்கிறார், புரிகிறது. ஆனால் 'பாத்திரம் வேறு, எழுத்தாளர் வேறு' என்பதை எல்லா இடத்திலும் செல்லும் விதியாக நான் ஏற்கமாட்டேன். சில இடங்களில் அது உண்மை. சில இடங்களில் எழுத்தாளர் ஒளிந்துகொள்ளும் திரை. எது எங்கே என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சார்லஸ் டிக்கன்ஸ். அந்த ஒரே மனிதரிடம் எல்லா வகையும் இருக்கிறது.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1864-65இல் தொடராக வந்த 'அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்' நாவலில் பாட்ஸ்னாப் என்று ஒரு பணக்காரர் வருகிறார். இங்கிலாந்துக்கு வெளியே எதுவும் உருப்படியாக இருக்கமுடியாது என்று நம்புகிறவர். விருந்துக்கு வந்த பிரெஞ்சுக்காரரிடம், காது கேட்காத குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். லண்டன் தெருவில் ஐந்தாறு பேர் பட்டினியால் செத்தார்கள் என்று அதே விருந்தில் ஒருவர் சொல்கிறார். நம்பமாட்டேன் என்கிறார் பாட்ஸ்னாப், அப்படியே செத்திருந்தாலும் அது அவர்கள் தப்பு என்கிறார். எதிரே பேசுகிறவர் பெயர்கூட இல்லாத, சாதுவான ஒரு மனிதர். ஆனாலும் அவர் விடுவதில்லை. பதில்கள் மெதுவாக வந்துகொண்டே இருக்கின்றன. டிக்கன்ஸ் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அங்கே யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது உங்கள் கதைக்கு நெருக்கமான ஒன்று. 1857 கிறிஸ்துமஸுக்கு டிக்கன்ஸ் தன் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகையின் சிறப்பிதழாக 'தி பெரில்ஸ் ஆஃப் செர்ட்டன் இங்கிலிஷ் பிரிசனர்ஸ்' என்ற கதையைக் கொண்டுவந்தார். நடு அத்தியாயம் மட்டும் வில்கி காலின்ஸ் எழுதியது. நடு அமெரிக்காவின் மொஸ்கிட்டோ கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு, ஆண்டு 1744. கதை சொல்பவன் எழுதப்படிக்கத் தெரியாத கடற்படைச் சிப்பாய், கில் டேவிஸ். உங்கள் பெரியவரைப்போல அவனும் 'நான்' என்று சொல்கிறான். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறான்: நான் படிக்காதவன், எனக்குத் தப்பெண்ணங்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், உள்ளூர் ஆட்களை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

நீங்கள் போடலாமா என்று கேட்கிறீர்களே, அந்தக் குறிப்பு அங்கே கதைக்குள்ளேயே இருக்கிறது. அது எந்த வேலையும் செய்யவில்லை, பாருங்கள். ஏனென்றால் கதை அவன் வெறுப்பைச் சரி என்று நிரூபித்துக்கொண்டே போகிறது. கிறிஸ்டியன் ஜார்ஜ் கிங் என்ற உள்ளூர்ப் படகோட்டியைக் கண்டதுமே அவனுக்கு எரிச்சல். அந்த ஆள்தான் பிறகு ஆங்கிலேயரைக் கடற்கொள்ளையரிடம் காட்டிக்கொடுக்கிறான், கடைசியில் சுட்டுக் கொல்லப்படுகிறான். எதிரியிடம் கருணை காட்டவேண்டும், பொறுமை வேண்டும் என்று பேசும் ஓர் அரசு அதிகாரியும் வருகிறார். அவரைக் கோமாளியாக்கி வைத்திருக்கிறார் டிக்கன்ஸ். அவருக்கு எதிராக கேப்டன் கார்ட்டன் எழுந்து, கடவுளின் அனுமதியால் கிடைத்த பதவி இது, இந்தக் கும்பலைப் பூமியிலிருந்தே துடைத்தெறிய அதைப் பயன்படுத்துவேன், கருணையான வேகத்தோடு அதை முடிப்பேன் என்று பேசுகிறார். வாசகர் கைதட்டவேண்டிய இடமாக அது எழுதப்பட்டிருக்கிறது.

அது கேப்டனின் கருத்துதானே என்று கேட்கலாம். சரி, அந்த வருடம் அக்டோபர் 4ஆம் தேதி டிக்கன்ஸ் தன் தோழி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். வட இந்தியாவில் சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம். டிக்கன்ஸின் மகன் வால்டர் அந்த வருடம்தான் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தான். நான் இந்தியாவின் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழிக்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று கடிதத்தில் எழுதுகிறார். கடவுளின் அனுமதியால் கிடைத்த பதவி என்பது அங்கேயும் இருக்கிறது, கருணையான வேகம் என்பதும் இருக்கிறது. அக்டோபரில் தன் பெயரில் எழுதியதை டிசம்பரில் கேப்டனின் வாயில் வைத்திருக்கிறார். வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துக்காட்டும்போதெல்லாம் எனக்குக் குரல் நடுங்கும். 'அந்த இனம்' என்று அவர் எழுதியது நம்மைத்தான்.

அமெரிக்காவுக்குப் போய்வந்து 1842இல் அடிமைமுறைக்கு எதிராக எழுதியவரும் இவர்தான். தப்பிப்போன அடிமைகளைத் தேடி அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களை, சூடுபோட்ட தழும்பும் இரும்பு வளையமும் அடையாளமாகச் சொல்லப்பட்டவற்றை, வரிசையாக எடுத்துப்போட்டு வாசகரைப் பதறவைத்தவர். ஒரு விஷயத்தில் நியாயமாக இருந்தவர் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த ஃபேகின். 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837 பிப்ரவரியில் தொடராக ஆரம்பித்தபோது டிக்கன்ஸுக்கு 25 வயது. சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவன் ஃபேகின். இங்கே வெறுப்பைப் பேசுவது பாத்திரம் அல்ல, கதைசொல்லி. பக்கத்துக்குப் பக்கம் 'அந்த யூதன் சிரித்தான்', 'அந்த யூதன் எழுந்தான்' என்றே வருகிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இரவில் சந்துகளில் அவன் நடந்துபோவதை, சேற்றிலிருந்து முளைத்த அருவருப்பான ஊர்வன ஒன்று இரை தேடி ஊர்வதுபோல எழுதுகிறார். நான்சியை அடித்தே கொல்லும் பில் சைக்ஸும் அதே கதையில்தான் இருக்கிறான். 'அந்தக் கிறிஸ்தவன்' என்று அவனை ஓர் இடத்தில்கூடக் கதை சொல்வதில்லை. எழுத்தாளரின் மனம் எனக்கு இந்த மாதிரி இடத்தில்தான் தெரிகிறது: யாருக்குப் பெயர், யாருக்கு இனத்தின் பெயர்.

1860இல் டிக்கன்ஸ் தன் டேவிஸ்டாக் மாளிகையை ஜேம்ஸ் டேவிஸ் என்ற யூதருக்கு விற்றார். அவருடைய மனைவி எலைசா டேவிஸ் 1863இல் டிக்கன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழை யூதர்களுக்கான ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை கேட்ட கடிதம்தான். அதோடு, ஃபேகினைப் படைத்ததன் மூலம் எங்கள் மக்களுக்கு நீங்கள் பெரிய தீங்கு செய்துவிட்டீர்கள் என்றும் எழுதினார். நாடறிந்த ஓர் எழுத்தாளருக்கு, அவரிடமே வீடு வாங்கிய ஒரு பெண் இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும். டிக்கன்ஸின் முதல் பதில் எல்லோரும் சொல்வதுதான். அந்தக் காலத்தில் அந்த வகைக் குற்றவாளிகள் பெரும்பாலும் யூதர்களாகவே இருந்தார்கள் என்றார், கதையில் மற்றக் கெட்டவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே என்றார், எனக்கு உங்கள் மக்கள்மேல் வெறுப்பே இல்லை என்றார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அடுத்து எழுதிய 'அவர் மியூச்சுவல் ஃபிரண்டில்' ரையா என்ற யூதக் கிழவரைக் கொண்டுவந்தார். ஃபிளெட்ஜ்பி என்ற கிறிஸ்தவ வட்டிக்காரன் தன் கொடுமைக்கெல்லாம் ரையாவைத்தான் முகமாக வைத்திருக்கிறான். கடைசியில் ரையாவை டிக்கன்ஸ் ஒன்றைச் சொல்ல வைக்கிறார்: ஒரு கிரேக்கன் கெட்டவன் என்றால் நல்ல கிரேக்கரும் உண்டு என்பார்கள், யூதன் ஒருவன் கெட்டவன் என்றால் யூதர்கள் எல்லோரும் அப்படித்தான் என்பார்கள், இது தெரிந்திருந்தும் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டு என் மக்கள் எல்லோரின் கழுத்தையும் நுகத்துக்கு வளைத்துவிட்டேன். ரையா அளவுக்கு மீறிய சாது, அதனால் பாத்திரமாக ஃபேகின் அளவுக்கு உயிர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எலைசா டேவிஸின் கடிதத்துக்கான பதில். பிறகு 1867 பதிப்பில் 'ஆலிவர் ட்விஸ்டையே' திருத்தினார். முதல் 38 அத்தியாயங்களில் 'அந்த யூதன்' 250 தடவைக்கு மேல் வருகிறது. அதற்குப் பிறகு அநேகமாக எல்லா இடத்திலும் 'ஃபேகின்' என்று மாற்றப்பட்டுவிட்டது. 'யூதனின் கடைசி இரவு' என்றிருந்த 52ஆம் அத்தியாயத்தின் தலைப்பும் 'ஃபேகினின் கடைசி இரவு' ஆகிவிட்டது.

எனவே மகளே, குறிப்பு போடவேண்டாம். 'எனக்கு வெறுப்பே இல்லை' என்று டிக்கன்ஸ் எழுதிய வரி எலைசாவுக்கு ஒன்றும் செய்யவில்லை, கதையில் செய்ததுதான் செய்தது. பெரியவர் பேசுவதைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். அவர் பேசட்டும். உங்கள் கதை அவரைச் சரி என்று சொல்லி முடிகிறதா, வேறு எதையாவது காட்டி முடிகிறதா என்று மட்டும் நீங்களே படித்துப்பாருங்கள். கதையில் அவருக்குப் பதில் எங்கே இருக்கிறது?


வயர்மேன்:

டீச்சர் எழுதியதைப் படித்தேன். அந்தக் கதையையும் தேடிப் படித்தேன். எனக்கு மோட்டார் வேலைதான். அந்த பாட்டில் எனக்கும் கிடைத்திருக்கிறது. "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்ற கேள்வி இந்த வாரம்கூட வந்தது. அதனால் சகோதரி, நீங்கள் பொய் எழுதவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திண்ணையில் பணம் வைக்கும் இடம் அப்படியே இருக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு சின்னக் கல் வைப்பார்கள், அதை நீங்கள் எழுதவில்லை.

என் குறை வேறு. கதையில் அந்தப் பையன் ஊர்ப் பெயர் சொல்கிறான், தண்ணீர் கேட்கிறான், பணத்தை எடுத்துக்கொள்கிறான். அதற்குமேல் அவன் இல்லை. பெரியவருக்கு ஞாபகம் இருக்கிறது, பெருமை இருக்கிறது, அப்பா இருக்கிறார், முட்டிவலிகூட இருக்கிறது. பையனுக்குப் பெயரே இல்லை.

ஆப்பிரிக்க எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' பற்றியது. கான்ராட் 1890இல் காங்கோவுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய கதை அது. வெள்ளைக்காரர்கள் அங்கே செய்த கொள்ளையைக் கண்டிக்கும் கதைதான். ஆனால் அதில் ஆப்பிரிக்கர்கள் கத்துகிறார்கள், ஆடுகிறார்கள், சாகிறார்கள். வாயைத் திறந்து பேசுவது இரண்டே இடத்தில், அதிலும் ஓர் இடத்தில் மனித இறைச்சி கேட்பதற்கு. அப்படிப் பார்ப்பது கதையைச் சொல்லும் மார்லோ என்ற பாத்திரம்தானே, கான்ராட் இல்லையே என்று வழக்கமாகச் சொல்வார்கள். அச்செபே அதை ஒத்துக்கொள்ளவில்லை. மார்லோவின் பார்வை தவறு என்று கான்ராட் நினைத்திருந்தால், வேறொரு பார்வைக்குக் கதையில் ஓர் இடமாவது விட்டிருக்கவேண்டும், விடவில்லை என்றார். கான்ராடை இனவெறியர் என்றே சொன்னார். அரங்கில் இருந்த பேராசிரியர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

நீங்கள் கான்ராட் என்று சொல்லவரவில்லை. உங்கள் மனசு எப்படி என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் இல்லை. எலைசா டேவிஸுக்கும் டிக்கன்ஸின் மனசு தெரியாது. கையில் இருந்தது புத்தகம் மட்டும்தான். எழுதியவர் நல்லவரா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். கதையைப் படிக்கும் என் தம்பிக்கு அதில் உட்கார இடம் இருக்கிறதா என்று நான் கேட்கிறேன்.


நொய்யல்கரை:

டீச்சருக்கும் அண்ணனுக்கும் நன்றி. அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். டீச்சர், பதில் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்த மாதிரி வீட்டில் பதில் இருக்காது. நான் பார்த்த வரையில் ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசியதில்லை. மருமகள் மனசுக்குள் என்ன நினைத்தாலும் பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுப்பாள். வேலைக்கு வந்த பையனும் சண்டை போடமாட்டான், அடுத்த வீட்டு வேலையும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். மருமகளை எழுந்து பேசவைத்தால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் அது பொய். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'நான்' என்று பெரியவர் சொல்லும் கதையில் பையனின் மனசுக்குள் நான் எப்படிப் போவது? எதிர்த்துப் பேச யாரும் இல்லாத இடத்தில் கதை எப்படிப் பதில் சொல்லும்?


பாளையங்கோட்டை டீச்சர்:

மருமகளைப் பேசவைக்காதீர்கள். அந்த விஷயத்தில் நீங்கள் உறுதியாக இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. யாரும் எதிர்த்துப் பேசாமலே பதில் சொன்ன கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 1884 கடைசியில் இங்கிலாந்திலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வந்தது. சொல்பவன் ஹக் என்ற சிறுவன். அடிமைமுறை இருக்கும் ஊரில் வளர்ந்தவன். தப்பியோடும் அடிமை ஜிம்மோடு தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் போகிறான். 32ஆம் அத்தியாயத்தில் சாலி என்ற பெண்மணியிடம் ஒரு பொய் சொல்கிறான், நீராவிப் படகில் ஏதோ வெடித்துவிட்டது என்று. யாருக்காவது அடிபட்டதா என்று பதறிக் கேட்கிறாள். இல்லையம்மா, ஒரு கறுப்பன் செத்தான், என்கிறான் ஹக். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடும், என்கிறாள் அவள். அவள் கெட்டவள் இல்லை, அன்பானவள். ஹக்கும் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை, உங்கள் தோட்டத்து வீட்டைப்போலவே.

ஆனால் நமக்குத் தூக்கிப்போடுகிறது. ஏன்? ஜிம்மோடு நாம் அவ்வளவு தூரம் ஆற்றில் வந்திருக்கிறோம். காய்ச்சலில் செவிடாகிப்போன மகளை, அது தெரியாமல் அடித்துவிட்டேனே என்று அவன் அழுததைக் கேட்டிருக்கிறோம். ஹக் தூங்கட்டும் என்று அவனுடைய காவல் நேரத்தையும் ஜிம்மே விழித்திருந்து பார்த்ததைக் கண்டிருக்கிறோம். இவ்வளவையும் நமக்குச் சொல்வது யார்? தப்பெண்ணத்தோடு வளர்ந்த அதே ஹக்தான். அவன் வாயாலேயே ஜிம்மை ட்வைன் நமக்குக் காட்டிவிட்டார். அதற்குமேல் சாலி எதிரில் யாரும் எழுந்து பேசவேண்டியதில்லை.

இதைத்தான் வயர்மேன் தம்பியும் கேட்கிறார் என்று நினைக்கிறேன். பையனின் மனசுக்குள் நீங்கள் போகவேண்டாம். பெரியவரின் கண்ணுக்கு முன்னால்தானே அவன் அவ்வளவு நேரமும் வேலை செய்கிறான்? அவர் பார்க்கட்டும். தான் பார்த்தது என்னவென்று அவருக்குப் புரியவேண்டியதுகூட இல்லை. இப்போது உங்கள் கதையில் 'பையன் பெட்டியைத் திறந்தான், ஏதோ செய்தான், மோட்டார் ஓடியது' என்று ஒரே வரியில் அந்த வேலை போய்விடுகிறது. ஆள் இருக்கவேண்டிய இடமே அதுதான். கில் டேவிஸின் கதையில் படகோட்டியைப் பார்க்க வேறு எந்த ஜன்னலும் இல்லை. நீங்கள் ஒன்றாவது திறந்துவைக்கலாம்.

'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலின் கடைசி அத்தியாயங்களை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே டாம் சாயர் வந்ததும் ஜிம்மை எலியோடும் பாம்போடும் அடைத்துவைத்து விளையாடுகிறார்கள், அவ்வளவு நேரம் நாம் அறிந்த மனிதன் காணாமல்போகிறான். கறுப்பின வாசகர்கள் பலருக்கு அந்த நாவல்மேல் இருக்கும் கோபத்தில் அதுவும் சேரும், அந்தக் கோபம் நியாயமானது.

உங்களைத் தூங்கவிடாத இரண்டாவது பின்னூட்டத்துக்கு வருகிறேன். உள்ளே இருந்தால்தான் இவ்வளவு நுணுக்கமாக எழுதமுடியும் என்கிறார். உண்மைதான். ட்வைனும் உள்ளே இருந்தவர். மிசௌரியில் அடிமைமுறை இருந்த காலத்தில் வளர்ந்தார், அவர் அப்பாவிடம் அடிமை இருந்தார், மாமாவின் பண்ணையிலும் இருந்தார்கள். பள்ளிக்கூட வயதில் அடிமைமுறையில் ஏதும் தப்பு இருப்பதாகவே எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். சாலியின் அந்தப் பதிலை வெளியூர்க்காரர் எழுதியிருக்க முடியாது. அந்த நாவல் அமெரிக்காவில் வெளியான 1885லேயே, யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த வார்னர் மெக்கின் என்ற கறுப்பின மாணவருக்கு உதவ முன்வந்து கல்லூரித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார் ட்வைன். அவர்களின் மனிதத்தன்மையை நசுக்கியவர்கள் நாம்தான், வெட்கம் நமக்குரியது, அவர்களுக்கல்ல, அதற்கான விலையை நாம் கொடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. டிக்கன்ஸின் 1857 கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் 'நான்' என்று சொல்லும் தப்பெண்ணக்காரன் ஒருவனை வைத்துத்தான் கதை எழுதினார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்தீர்கள் என்பதால் அந்த வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அந்த அறிவை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அதற்காக யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டாம்.


நொய்யல்கரை:

டீச்சர், அந்த ஒரு வரியைத்தான் பிரிக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மோட்டார் வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணா, உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்லமுடியுமா? பையனுக்குப் பெயரும் வைக்கப்போகிறேன்.


வயர்மேன்:

சொல்கிறேன். தோட்டத்தில் த்ரீ பேஸா, வீட்டுக்கான சிங்கிள் பேஸா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். சிங்கிள் பேஸ் என்றால் கண்ட்ரோல் பாக்ஸ் சுவரில் இருக்கும். திறப்பதற்கு முன்னால் மெயினை நிறுத்துவான். பெரியவர் "நிறுத்தித்தான் இருக்கு" என்பார். அதை நம்பாமல் டெஸ்டர் வைத்து அவனே ஒருமுறை பார்ப்பான். உள்ளே கெபாசிட்டர் உப்பியிருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். அதைத் தொடுவதற்கு முன்னால் அதில் தேங்கி நிற்கும் கரண்டை இறக்கிவிடவேண்டும், இல்லையென்றால் தூக்கி அடிக்கும். புதிது மாட்டி ஸ்விட்ச் போட்டதும் நாங்கள் முதலில் தண்ணீரைப் பார்க்கமாட்டோம், சத்தத்தைக் கேட்போம். வெறுமனே உறுமினால் கீழே மோட்டார் சுத்தவில்லை என்று அர்த்தம். சுத்த ஆரம்பித்தால் சத்தம் மாறும். அதன் பிறகும் ஒயரைக் கவ்விப் பிடிக்கும் டாங் டெஸ்டரில் ஆம்பியர் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவான். தொழில் தெரிந்தவன் பாதியில் மூடமாட்டான்.

விவசாயம் பார்த்த பெரியவருக்கு அந்தச் சத்தம் தெரியும். அவனுக்கும் தெரிகிறது என்பதை அவர் கவனிப்பார். அதை அவர் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் எழுதுங்கள். பெயர் வைத்தால், அவர் கேட்டு அவன் சொல்வதாக வேண்டாம். வேலை நடக்கும்போது அவனுக்கு போன் வரட்டும், அந்தப் பக்கம் இருப்பவர் கூப்பிடும் சத்தத்தில் பெயர் கேட்கட்டும்.

எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். மோட்டார் வேலையில் தப்பு இருந்தால் சொல்கிறேன்.